சடையன் சமாதிக்கு மேற்கு

அரியலூர் கடைத்தெருவில் ராசாங்கத்தின் சலூனுக்குப் பலகையில் ஒரு பேர், ஊர் வாயில் ஒரு பேர். பலகையில் 'நவீன முடிதிருத்தகம்' என்று எழுதியிருக்கும். ஊர் வாயில் அது கோவக்காரன் கடை. அந்த மனுஷனுக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பார்கள். அது சரியான கணக்கில்லை. கோபம் உடம்பு முழுக்க இருந்தது, மூக்கு அதற்கு வாசல், அவ்வளவுதான்.

சிமெண்ட் ஆலையில் பெரிய வேலையில் இருந்த ஒருவர், வீட்டுக்கு வந்து முடி வெட்டிவிட்டுப் போகச் சொல்லி டிரைவரை அனுப்பினார். "ஒங்க அய்யாவுக்குத் தலை இருக்குல்ல? அத எடுத்துக்கிட்டு அவரையே இங்க வரச் சொல்லு" என்று டிரைவரைத் திருப்பி அனுப்பினார் ராசாங்கம். அந்த ஆள் அதற்குப் பிறகு வரவே இல்லை. ராசாங்கமும் அதற்காக ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துச் சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்வதில்லை என்பது அவர் இருபது வயதில் எடுத்த முடிவு. பிறந்தது விக்கிரமங்கலம். அப்பா ஊர்க் குடும்பங்களுக்கெல்லாம் நாவிதர். கொல்லைப்புறத்தில் வெயிலில் குந்தி, வீட்டுக்காரர் எழுந்து வரும்வரை காத்திருந்து சவரம் செய்ய வேண்டும். ஒருநாள் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அவருடைய அப்பாவைப் பார்த்து, "டேய், சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்புடா" என்றது. அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பைத்தான் ராசாங்கத்தால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டு அப்படியே வந்து பஸ் ஏறியவர்தான். முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர அவர் அந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. தம்பி நல்லுசாமி மட்டும் அங்கேயே இருந்து, அப்பா பார்த்த வேலையை அப்பா மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தான்.

2003ஆம் வருஷம் சித்திரை மாசம் அந்தத் தம்பிதான் ஒரு சேதியோடு கடைக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஆடி அமாவாசைக்கு வேல சொல்லியிருக்காங்க."

"எங்க?"

"நம்ம கல்லுல."

ராசாங்கம் கத்தியை மடக்கி வைத்தார். நம்ம கல் என்றால் விக்கிரமங்கலத்து ஓடைக்கரையில் நிற்கிற வைத்தியர் கல். இடுப்பு உயரம். எழுத்து எதுவும் கிடையாது. உடம்பில் கட்டி வந்தவர்களும் ஆறாத புண் உள்ளவர்களும் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து அதன் தலையில் வைப்பார்கள், மஞ்சள் பூசுவார்கள். அந்தக் காலத்தில் கட்டி அறுத்து, எலும்பு கூட்டி, விஷக்கடிக்கு மருந்து கொடுத்த ஒரு வைத்தியரின் சமாதி அது என்பது வரைக்கும்தான் ஊருக்குத் தெரியும். அவர் தங்கள் பாட்டனுக்கு அப்பன், பேர் சடையன் என்பது ராசாங்கத்தின் வீட்டுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அந்த வீட்டு ஆள்தான் அங்கே விளக்கு வைப்பது. ஊர் அதைப் பார்த்தது. பார்த்து வேறு மாதிரி புரிந்துகொண்டது. நாவிதன் விளக்கு வைத்தால் அது ஊழியம். நிலக்காரன் விளக்கு வைத்தால் அது பரம்பரை.

"யாரு வேல சொன்னது?"

"எட்மாஸ்டர் ஐயா. அது அவங்க முப்பாட்டனாம். மண்டபம் கட்டப் போறாங்களாம்."

எட்மாஸ்டர் என்றால் குருநாதன். ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அந்தக் குடும்பத்திடம்தான் இருந்தது. கல் நிற்கிற புஞ்சையும் இப்போது அவர்கள் பட்டாவில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்று அரியலூரில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகன் ராஜேஷ் டாக்டருக்குப் படித்து முடித்துச் சொந்தமாக ஆஸ்பத்திரி திறக்கப் போகிறான். டாக்டர் மகனுக்கு ஒரு வைத்தியப் பாட்டன் இருந்தால் பலகையில் எழுத நன்றாகத்தானே இருக்கும்? 'ஐந்தாம் தலைமுறை மருத்துவச் சேவை.' பாட்டன் இல்லாத குறைக்கு, ஓடைக்கரையில் ஆள் பேர் இல்லாமல் ஒருவர் நிற்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு மாதிரி. குருநாதன் ஜோசியம் பார்த்திருக்கிறார். கல்லுக்குக் கீழே இருப்பவர் கழிச்சல் நோயில் போனவர், ஊரே செத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்குக் கருமாதி நடக்கவில்லை, வாரிசு ஒருவர் தலை மழித்து எள்ளும் தண்ணியும் விட்ட பிறகுதான் மண்டபத்துக்குக் கடைக்கால் தோண்டலாம் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அதனால் ஆடி அமாவாசையன்று, ஊர் கூடியிருக்க, அந்தக் கல்லின் முன்னால் குருநாதன் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்வார். மொட்டை போட நாவிதன் வேண்டும். அதற்கு நல்லுசாமி.

சொந்தப் பாட்டன் சமாதியில், அவரைத் திருடுகிறவனுக்கு, அவர் பேரனே தலை மழித்துவிட வேண்டும்.

"நீ என்னடா சொன்ன?"

"சரிங்கன்னு சொன்னேன்."

ராசாங்கம் கையில் கிடைத்த சோப்புக் கிண்ணத்தைத் தரையில் அடித்தார். "சரிங்கன்னு சொன்னியா? ஒனக்கு நாக்கு எதுக்குடா இருக்கு? மொட்டை போட்டவன்தான் வாரிசுன்னு ஊருல சொல்லுவாங்களா மாட்டாங்களா? அன்னிக்கி அந்த ஆளு ஒக்காந்துட்டா அதோட முடிஞ்சிது. அடுத்த வருசம் நீ வெளக்கு வைக்கப் போனா, கேட்டுக்கு வெளிய நில்லும்பான்."

நல்லுசாமி சாதுதான். ஆனால் சாது மிரண்டால் காடு கொள்ளாது. "நீ மட்டும் என்ன கிழிச்ச?" என்றான். "முப்பது வருசமா நாந்தான் வெளக்கு வைக்கிறேன். நீ ஒரு திரி கிள்ளிப் போட்டியா? கோவம் கோவம்னு டவுனுக்கு வந்து ஒக்காந்துக்கிட்ட. அங்க கெடந்து பேச்சு வாங்கறது நானு. எங்க பாட்டன்னு சொன்னா, காட்டுறா காயிதத்தங்கறாங்க. எங்கண்ணே இருக்கு காயிதம்?"

தம்பி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதனால்தான் அது அப்படிச் சுட்டது.

அன்றைக்குத் தொடங்கியது தேடல். அமாவாசைக்கு மூன்று மாசம். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. ஆபீஸ்களுக்கு வேலை நாள். பதிமூன்று செவ்வாய் அவர் கையில் இருந்தது. வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, பையில் ஒரு நோட்டு. ஒரு ஆபீஸில் பழைய கட்டெல்லாம் பெரம்பலூருக்குப் போயிற்று என்றார்கள். பெரம்பலூரில், அவ்வளவு பழசு திருச்சியிலிருந்தே வரவில்லையே என்றார்கள். அரியலூரைத் தனி ஜில்லா ஆக்கி, ஒன்றரை வருஷம்கூட நிலைக்காமல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம் அது. எது எங்கே இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கே விளங்கவில்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் பஸ்ஸில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் தூசி குடித்துக்கொண்டு போனார்.

ஒரு குமாஸ்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன வேணும்?"

"எங்க முப்பாட்டன் வைத்தியரு. அவரு பேரு எதுலயாச்சும் பதிஞ்சிருக்கான்னு பாக்கணுங்க."

"நீங்க என்ன பண்றீங்க?"

"சலூன்."

குமாஸ்தா பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "சலூன்காரர் முப்பாட்டன் வைத்தியராம் சார்."

"கத்தி புடிச்ச கைதான் சார் கட்டியக் கீறும்" என்றார் ராசாங்கம். குரல் அந்த அறையைத் தாண்டி வராந்தா வரைக்கும் போயிற்று. "ரத்தமும் சீழும் தொடமாட்டேன்னு ஒதுங்கி நின்னவங்கல்லாம் அந்தக் காலத்துல வைத்தியம் பாத்துட்டாங்களா? எவன் தொட்டானோ அவந்தான் பாத்தான்."

அன்றைக்கு அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

ஒன்பதாவது செவ்வாய், திருச்சியில், ஒரு நல்ல மனுஷர் இரக்கப்பட்டுப் பழைய சாவுப் பதிவேடு ஒன்றை எடுத்துப் போட்டார். 1919ஆம் வருஷம். தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரே மாசத்தில் விக்கிரமங்கலத்தில் பக்கம் பக்கமாகச் சாவு. மூன்றாவது பக்கத்தில் இருந்தது: சடையன், நாவிதன், வயது அறுபது, பேதி. ராசாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டனுக்கு அப்பனின் பேரை எழுத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலை வைத்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். தொழில் என்று போட்டிருந்த கட்டம். அதில் ஒரே ஒரு வார்த்தை: க்ஷவரம்.

அவ்வளவுதான். பேதி கண்ட ஊரில் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, தானும் அதிலேயே செத்த மனுஷனைப் பற்றி எழுதின ஆள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாதியைக் கேட்டான், தொழிலை எழுதிவிட்டான். கேட்டிருக்கவே மாட்டான், நாவிதன் என்றால் வேறு என்ன செய்வான் என்று அவனே எழுதியிருப்பான். இரண்டு மாசம் அலைந்து கிடைத்த ஒரே காகிதம் குருநாதன் பக்கம் சாட்சி சொல்கிறது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தீப்பெட்டி கேட்டார். ராசாங்கம் அவர் மேல் எரிந்து விழுந்தார். அந்த ஆள் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி காத்தாயி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நல்லுசாமிய போக வேணாங்கறேன். கத்தியே வராம எப்படி மொட்டை போடுவாங்கன்னு பாக்கறேன்."

"நல்லாருக்கு. அவரு போவலன்னா ஜெயங்கொண்டத்துலேருந்து ஒரு ஆளக் கூட்டியாந்து வேலைய முடிச்சிடுவாங்க. கத்திக்கா பஞ்சம்? நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கமே இல்லாமப் போனா அவங்களுக்கு இன்னும் வசதி."

ராசாங்கம் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் சொன்னது சரி என்பதால் அவள் மேலும் கோபம் வந்தது.

ஆனி மாசக் கடைசியில் நல்லுசாமி மறுபடியும் வந்தான். கையில் அழைப்பிதழும் ஒரு புத்தகமும். வழவழப்பான அட்டை. 'எங்கள் வைத்தியப் பரம்பரை', தொகுத்தவர் குருநாதன். அமாவாசையன்று வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் இதைப் போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். உள்ளே குடும்ப மரம், குருநாதன் சிறுவயதுப் படம், ராஜேஷ் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட படம். ஓடைக்கரைக் கல்லின் படத்துக்குக் கீழே, 'எம் முப்பாட்டனார் பெரியசாமி வைத்தியர் சமாதி'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் பூசணித் தோட்டத்தையே மறைத்திருந்தார்.

ராசாங்கம் புத்தகத்தைக் குப்பைக் கூடையில் வீசினார். அப்போது நாற்காலியில் ஒரு பக்கக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் இளையபெருமாள். முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். கூடையிலிருந்து அவர்தான் அதைப் பொறுக்கி எடுத்தார். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் இருக்க முடியாது.

"யோவ் ராசாங்கம், கொஞ்சம் இரு" என்றார். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பழைய பத்திரத்தைப் படம் பிடித்து முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். 'எமது குடும்பத்தின் மிகப் பழைய ஆவணம், 1921' என்று கீழே அச்சடித்திருந்தது. மேலே முத்திரைத் தாள், கீழே எறும்பு ஊர்ந்த மாதிரிப் புள்ளி வைக்காத எழுத்து. "இது ஒரு கிரையப் பத்திரம். அவரு தாத்தா ஓடைக்கரையில புஞ்சை வாங்குனது. இந்த எழுத்த இப்ப எவனும் படிக்க மாட்டான், அழகுக்குப் போட்டிருக்காங்க."

"அழகா இருந்தா வூட்டுக்குக் கொண்டுபோயி மாட்டிக்கங்க. கன்னத்தக் காட்டுங்க, நுரை காயுது."

"அட, இருய்யா. பத்திரம்னா நாலு எல்லை எழுதாம முடியாதுல்ல? இந்தப் பக்கம் யாரு நெலம், அந்தப் பக்கம் யாரு நெலம்னு உள்ளதை உள்ளபடி எழுதணும். வாங்கறவன் ராஜாவா இருந்தாலும் பக்கத்துல இருக்கறவன் பேர மாத்த முடியாது. மாத்துனா பத்திரம் செல்லாது." விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "'ஓடைக்கு வடக்கு... வண்டிப்பாதைக்குத் தெற்கு... காலஞ்சென்ற நாவிதன் சடையன் வைத்திய மானியம் புஞ்சையிலுள்ள... மேற்படி சடையன் வைத்தியன் சமாதிக்கு மேற்கு...'"

ராசாங்கம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மானியம் என்றால் என்ன என்று நல்லுசாமி கேட்டான். "வைத்தியம் பாக்கறதுக்காக ஒங்க பாட்டனுக்கு ஊரு குடுத்த நெலம்" என்றார் இளையபெருமாள். "பாட்டனும் ஒங்களுது, கல்லும் ஒங்களுது. அது நிக்கிற நெலமும் ஒங்களுதாத்தான் இருந்திருக்கு. அப்புறம் அது எப்படி அவங்க பட்டாவுக்குப் போச்சுன்னு அவங்களத்தான் கேக்கணும்."

அவர் கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்துப் போயிருந்தது. அன்றைக்கு அவருக்குப் பாதிச் சவரம்தான். ராசாங்கம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே குருநாதன் வீட்டுக்குப் போய்விட்டார்.

குருநாதன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ராசாங்கம் நின்றபடியே நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து மேஜைமேல் வைத்தார்.

"இத நீங்க படிச்சீங்களா சார்?"

"படிக்காமயா போட்டிருப்பேன்?" குருநாதன் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபம் இல்லை, கூச்சமும் இல்லை. "அந்த எழுத்த எவன் படிக்கப் போறான்னுதான் போட்டேன். பழசா ஒண்ணு இருந்தா புஸ்தகத்துக்கு ஒரு கம்பீரம். நீ எப்படிப் படிச்ச?"

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்யா. எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு. அவருக்கு முதுகுல ராஜபிளவை. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பாத்துட்டுக் கைய விரிச்சிட்டாங்க. ஒங்க பாட்டன்தான் கீறி, சீழ எடுத்து, நாப்பது நாள் கட்டுக் கட்டிப் பொழைக்க வச்சாரு. அவரு இல்லன்னா எங்க குடும்பமே இல்ல. நன்றி இல்லாமயா மண்டபம் கட்டறேன்?"

"நன்றி இருந்தா அவரு பேர எழுதிக் கட்டுங்க."

"எழுதுனா?" குருநாதன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் பேசினார். "நீயே யோசிச்சுப் பாரு ராசாங்கம். நாவிதன் சமாதின்னு எழுதிப் போட்டா எவன் வந்து கும்புடுவான்? இன்னிக்கி அந்தக் கல்லுக்கு இருக்கிற மரியாதை, அது யாருதுன்னு தெரியாததால இருக்கிற மரியாதை. ஒங்க வூட்டோட இருந்தா அந்த மனுசன் அம்பட்டன்தான். எங்க வூட்டுக்கு வந்தாத்தான் அவரு வைத்தியர். அவருக்கு நல்லது எது, சொல்லு?"

ராசாங்கம் கையை நீட்டி ஒன்று விட்டிருந்தால் அது போலீசில் போய் முடிந்திருக்கும், அமாவாசை குருநாதனுக்கே போயிருக்கும். காத்தாயி சொன்னது ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டார்.

"அமாவாசைக்குத் தம்பி வர மாட்டான் சார். நானே வரேன். கத்தியோட வரேன்."

குருநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோவக்காரன் பணிந்துவிட்டான் என்று நினைத்தார். "வா, வா. ஒனக்கும் ஒரு வேட்டி துண்டு எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார்.

ஆடி அமாவாசையன்று ஓடைக்கரையில் பந்தல். குருநாதனின் பங்காளிகள், சம்பந்தி வீட்டார், அரியலூர் டாக்டர்கள் சிலர், ஊர் ஜனம். ஆளுக்கொரு தாம்பூலப் பை. ஒரு பக்கம் சமையல், வடை வாசனை. கல்லுக்கு மஞ்சள் பூசி வேட்டி சுற்றியிருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல உப்பு மிளகுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து அதன் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லின் முன்னால் ஒரு பலகை. குருநாதன் ஈர வேட்டியோடு நின்றார். ராஜேஷ் கேமராக்காரனுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தான்.

ராசாங்கம் கத்தியையும் கிண்ணத்தையும் எடுத்து வைத்தார். பக்கத்தில் நல்லுசாமி. வரமாட்டேன் என்றவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். இளையபெருமாள் முன்வரிசையில் இருந்தார்.

"வாரிசு ஒக்காரலாம்" என்றார் சடங்கு செய்விக்க வந்தவர்.

"ஒரு நிமிசம்" என்றார் ராசாங்கம். கடையில் நாற்காலியைத் திருப்பச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். "எல்லாரும் பையில இருக்கற புஸ்தகத்த எடுங்க. நாப்பத்தோராம் பக்கம். ஐயா வூட்டுப் பத்திரம். இளையபெருமாள் சார் படிப்பாரு, நீங்களும் கூடவே விரல வச்சுப் பாத்துக்கிட்டு வாங்க."

ஊர் ஜனத்துக்கு எப்போதும் வேடிக்கை பிடிக்கும். நூறு புத்தகங்கள் விரிந்தன. குருநாதன், "இது என்ன இப்ப, நேரம் போவுது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இளையபெருமாள் எழுந்து நின்று, கோர்ட்டில் படிப்பது போலப் படித்தார். நாவிதன் சடையன். வைத்திய மானியம். சடையன் வைத்தியன் சமாதிக்கு மேற்கு. இரண்டு தடவை படித்தார்.

"எழுதுனவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார் குருநாதன்.

"எழுதுனவன் தப்பா எழுதியிருந்தா ஒங்க நெலமும் தப்புதான் சார்" என்றார் இளையபெருமாள். "எல்லை தப்புன்னா பத்திரமே செல்லாது. வாங்குனவருன்னு ஒங்க தாத்தா பேரே இருக்கு பாருங்க."

ராசாங்கம் பலகையைக் காலால் நகர்த்திச் சரியாகப் போட்டார்.

"ஒக்காருங்க சார். யாரு வாரிசுன்னு ஒக்காந்தாலும் நான் மழிச்சுவுடறேன், எனக்கு ஆட்சேபணை இல்ல. நாவிதன் சடையனோட பேரன்னு ஊரு முன்னால ஒரு வார்த்த சொல்லிட்டு ஒக்காருங்க. தலை, மீசை ரெண்டும் எடுக்கணும், முறை அதுதான். அம்பட்டன் பேரனா ஒக்காந்தீங்கன்னா கல்லு ஒங்களுது. எனக்குப் பேச்சே இல்ல. ஒக்காருங்க."

குருநாதன் பலகையைப் பார்த்தார். பிறகு பங்காளிகளைப் பார்த்தார். சம்பந்தி வீட்டு ஆண்கள் புத்தகத்தை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷர் தெரிந்தேதான் மொட்டைக்குத் துணிந்திருந்தார், ஆனால் ஊருக்குத் தெரியாதவரைக்கும்தான் அந்தத் துணிச்சல். பெரிய பங்காளி ஒருவர், "குருநாதா, இந்தப் பக்கம் வந்துரு" என்றார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. பலகையைச் சுற்றிக்கொண்டு, அதில் கால் படாமல், குருநாதன் அந்தப் பக்கம் போனார். ராஜேஷ் கேமராக்காரனின் கையைப் பிடித்து இறக்கினான். "போதும், நிறுத்துங்க" என்றான்.

ராசாங்கம் ஜெயித்துவிட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட நிலைக்கவில்லை.

கார்கள் கிளம்பின. அது அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஊர் ஜனம். அவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். செங்கமலம் என்று ஒருத்தி, மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் மகளுக்குக் கால் புண் ஆறியதென்று இந்தக் கல்லுக்கு மாவிளக்குப் போட்டவள். அன்றைக்கும் முதல் ஆளாக வந்து பொட்டலம் வைத்தவள் அவள்தான். போகிற போக்கில் திரும்பி வந்தாள். கல்லின் தலையிலிருந்த தன் பொட்டலத்தைத் தேடி எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்து அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

குருநாதன் சொன்னது அப்படியே நடந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று கத்தினார் ராசாங்கம். "நல்லாப் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போங்க. ஒங்க பாட்டன்மாரோட சீழயும் மலத்தயும் தொட்டு எடுத்த கையி இது! அன்னிக்கி அந்தக் கையி என்ன சாதின்னு எவனாச்சும் கேட்டானா? பொழச்சி எந்திரிச்சப்புறம்தான கேட்டீங்க!"

அடுப்பை அணைத்துவிட்டுச் சமையல்காரர்களும் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் இளையபெருமாள் மட்டும் மூடிய புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். சடங்கு செய்விக்க வந்தவரும் எள்ளையும் தர்ப்பையையும் வைத்தது வைத்தபடி போட்டுவிட்டு நழுவிவிட்டார்.

ராசாங்கம் சட்டையைக் கழற்றினார். போய்ப் பலகையில் கல்லைப் பார்த்து உட்கார்ந்தார்.

"யாருமே இல்லியேண்ணே" என்றான் நல்லுசாமி. அழுதுகொண்டிருந்தான்.

"ஒனக்கு யாரு வேணும்? செத்தவரு நம்ம ஆளு. எண்பத்தி நாலு வருசமா ஒருத்தன் தலை குடுக்கல அவருக்கு. நான் குடுக்கறேன். தண்ணிய தெளி."

நல்லுசாமி தண்ணீர் தெளித்தான். கத்தியை விரித்தான்.

"கண்ணத் தொடச்சிட்டு வைடா" என்று அதட்டினார் ராசாங்கம். "கத்தி பிசகும்."